ரியானனின் முதுகில் ஏறியது யார்?

வெண்குதிரை:
நேற்று கல்மேடு எழுதிய விமர்சனத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. வேல்ஸ் நாட்டுப் பழங்கதைத் தொகுப்பான மாபினோகியனின் முதல் கிளையான புயிலின் கதையைப் பற்றி, "மனைவியை ஊரே தள்ளிவைக்கச் சொன்னபோதும் கைவிடாத புயில்தான் இடைக்கால ரொமான்ஸ் கதைகளில் வரும் காதலர்களிலேயே உயர்ந்தவன்" என்று எழுதியிருக்கிறார். கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரியானன், வேறொருவனுக்குத் தன்னை நிச்சயித்ததை ஏற்காமல் அரசன் புயிலைத் தேடி வந்து மணந்தவள். அவளுக்குக் குழந்தை பிறந்த இரவில் காவலுக்கு இருந்த ஆறு பெண்களும் தூங்கிவிடுகிறார்கள். விழித்துப் பார்த்தால் குழந்தையைக் காணவில்லை. தங்கள் தலை தப்ப வேண்டும் என்று நாய்க்குட்டிகளைக் கொன்று, உறங்குகிறவளின் முகத்திலும் கையிலும் இரத்தத்தைப் பூசி, எலும்புகளை எதிரில் போட்டு, பெற்றவளே பிள்ளையைக் கொன்றாள் என்று சாதிக்கிறார்கள். அவளுக்குக் கிடைத்த தண்டனை ஏழு ஆண்டு. அரண்மனை வாசலில், குதிரை ஏறும் கல்லருகே உட்கார வேண்டும். வருகிறவர்களை முதுகில் சுமந்து உள்ளே கொண்டுபோக வேண்டும். இதைப் பார்த்துக்கொண்டிருந்தவனா உயர்ந்த காதலன்?

கல்மேடு:
அம்மா, பாதி வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வழக்காட வந்திருக்கிறீர்கள். "சுமந்து போவதாகக் கேட்க வேண்டும்" என்பதுதான் தண்டனை. அதற்கு இணங்குகிறவர்கள் அரிது என்று மூலமே உடனே சொல்லிவிடுகிறது. ஆகவே அவள் யாரையும் சுமக்கவில்லை. விமர்சனத்தில் ஒரு சொல்லையும் நான் மாற்றப்போவதில்லை.

வெண்குதிரை:
அரிது என்றால் இல்லை என்று பொருளா? அரிதாக ஒருவர் இணங்கினார் என்றால் அந்த ஒருவர் ஏறியிருக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முதுகில் ஏறியிருக்கிறார்.

பழுப்புத்தாள்:
ஒரு சிறு விளக்கம். "ரொமான்ஸ்" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? இடைக்கால இலக்கியத்தில் அது ஒரு கதைவகையின் பெயர். இந்தத் தொகுப்பின் பதினோரு கதைகளில் ஓவைன், பெரெடுர், கெரைன்ட் பற்றிய மூன்றைத்தான் வழக்கமாக அப்படி அழைக்கிறார்கள். முதல் கிளை அந்த வகையில் சேராது. இதை முதலில் முடிவு செய்தால்...

கல்மேடு:
அது பிறகு இருக்கட்டும். யார் ஏறினார்கள்? பெயர் சொல்லட்டும்.

வெண்குதிரை:
பெயர் எழுதாமல் விட்டால் ஏறியவன் இறங்கிவிடுவானா?

ஈரநிலம்:
கதையில் புயிலின் அரண்மனை இருக்கும் ஆர்பெர்த், இன்று வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷைரில் இருக்கும் நார்பெர்த் என்னும் சிறு ஊர். நான் அங்கே போயிருக்கிறேன். கோட்டையின் இடிபாடு இருக்கிறது, சரிவான தெரு இருக்கிறது. அந்த ஊரில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரிதான் தெரியும். வீட்டிலிருந்து படிக்கிறவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம்.

வெண்குதிரை:
நீங்கள் பார்த்த கோட்டை இந்தக் கதையின் அரண்மனை அல்ல. ஊருக்குப் போய் வந்த டிக்கெட் ஒரு வரியைக்கூட மாற்றாது. போன மாதம் நான்காம் கிளையில் வரும் புளோடெய்வெத் பற்றிய விவாதத்திலும் இதே பயணத்தைத்தான் சாட்சிக்கு அழைத்தீர்கள்.

ஈரநிலம்:
அந்த விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கல்மேடு:
நான் புயிலுக்கு வருகிறேன். ஓராண்டுக் காலம் மறு உலக அரசன் அராவ்னின் உருவத்தில், அவனுடைய அரண்மனையில், அவன் மனைவியின் படுக்கையிலேயே உறங்கினான். ஒவ்வோர் இரவும் கட்டிலின் ஓரத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான். விடியும்வரை அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. அராவ்ன் திரும்பி வந்த பிறகுதான் மனைவி சொல்லி அவனுக்கே இது தெரிகிறது. இப்படிப்பட்டவனின் குணத்தையா சந்தேகிக்கிறீர்கள்? பிரபுக்கள் இரண்டு முறை வந்து ரியானனைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். முதல் முறை பிள்ளை இல்லை என்று. ஓராண்டு தவணை கேட்டான். இரண்டாம் முறை இந்தப் பழியைச் சொல்லி. "பிள்ளை பெற்றிருக்கிறாள், தள்ளமாட்டேன்" என்றான்.

வெண்குதிரை:
அதற்கு அடுத்து என்ன சொன்னான்? அதையும் எழுதுங்கள். "தவறு செய்திருந்தால் தண்டனை ஏற்கட்டும்" என்றான். "செய்திருந்தால்" என்ற ஒரு சொல்லை வாசலில் போட்டுவிட்டு உள்ளே போனான். நண்பனின் மனைவிக்காக ஓராண்டு முகத்தைத் திருப்பிப் படுத்தவன், தன் மனைவியின் முகத்தைப் பார்த்து "நீ செய்திருக்கமாட்டாய்" என்று சொன்னதாக எந்த வரியில் இருக்கிறது?

கல்மேடு:
தண்டனையைத் தேர்ந்தெடுத்தவள் ரியானன். அந்தப் பெண்களோடு வாதாடுவதைவிட தண்டனையை ஏற்பதே மேல் என்று அவளே முடிவு செய்தாள். அதுவும் மூலத்தில் இருக்கிறது.

வெண்குதிரை:
ஏன் அப்படி முடிவு செய்தாள்? அறிஞர்களையும் சான்றோரையும் தானே வரவழைத்து யோசனை கேட்டாள். அதற்கு முன்பே அந்தப் பெண்களிடம், "பயத்தால் சொல்கிறீர்கள் என்றால் நான் உங்களைக் காப்பாற்றுகிறேன், உண்மையைச் சொல்லுங்கள்" என்று இரங்கிப் பேசினாள். முகத்தில் நாய்க்குட்டியின் இரத்தம் காய்ந்திருக்க, அதைப் பூசியவர்களுக்கே அடைக்கலம் தருகிறாள்! ஆறு பேரும் ஒரே சொல்லில் நின்றார்கள். அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லாத இடத்தில் எடுத்த முடிவு அது. அதைத் தேர்வு என்று எழுத உங்களுக்குக் கை வந்ததா?

முதல்வாசகி:
நான் இப்போதுதான் படித்து முடித்தேன். எனக்கு முதுகில் சுமப்பதைவிட இன்னொன்றுதான் தாங்கவில்லை. கதை தெரியாமல் வருகிற ஒவ்வோர் அந்நியனிடமும் தன் பிள்ளையைத் தான் கொன்ற கதையை அவள் வாயாலேயே முழுவதும் சொல்ல வேண்டும். செய்யாத கொலையைத் தினமும் சொல்ல வேண்டும். அதைப் பற்றி யாருமே பேசவில்லையே?

கல்மேடு:
அது வேறு விஷயம், தங்கையே. இங்கே கேள்வி சுமந்தாளா இல்லையா என்பது.

வெண்குதிரை:
வேறு விஷயம் அல்ல. அவள் கேட்டதுதான் சரியான கேள்வி, அதற்கும் வருகிறேன். ஆனால் முதலில் அரிது. அரிது என்றால் நடந்திருக்கிறது.

பழுப்புத்தாள்:
இன்னொரு திருத்தம். கல்மேடு தன் விமர்சனத்தில் புயிலின் பெயரைப் "புவிழ்" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெயரின் கடைசி ஒலி நம் ழகரம் அல்ல. நாக்கின் நுனியை மேல்பல்லின் அடியில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் காற்றைச் சீறவிட வேண்டும். தமிழில் அதற்கு எழுத்தே இல்லை.

கல்மேடு:
சிறப்பு ஒலிக்குச் சிறப்பு எழுத்து என்று நான் தீர்மானித்து எழுதினேன். இருபது ஆண்டாக எழுதுகிறவனுக்கு எழுத்து சொல்லித்தர வேண்டாம்.

பழுப்புத்தாள்:
இருபது ஆண்டாக எழுதினாலும் ழகரம் ழகரம்தான்.

ஈரநிலம்:
அந்த ஊரில் நான் நேரில் கேட்டேன். காற்றுச் சத்தம் வந்தது உண்மைதான். இந்த ஒரு விஷயத்தில் பழுப்புத்தாளோடு சேர்கிறேன். மற்ற எதிலும் இல்லை.

கல்மேடு:
சரி, வாசலுக்கே வருகிறேன். காணாமல்போன சிறுவனை வளர்த்த டெய்ர்னன், அவனை அழைத்துக்கொண்டு ஆர்பெர்த்துக்கு வருகிறான். கல்லருகே இருக்கிற ரியானன், "இதற்கு மேல் நடக்க வேண்டாம், உங்கள் ஒவ்வொருவரையும் நான் சுமந்து போகிறேன்" என்கிறாள். சிறுவன் என்ன சொன்னான்? "போகிறவர்கள் போகட்டும், நான் போகமாட்டேன்" என்றான். டெய்ர்னனும் மறுத்தான். ஏறுவதைப் பற்றிக் கதை நேரில் காட்டுகிற ஒரே காட்சி இது. அதில் ஒருவரும் ஏறவில்லை. அன்று இரவு விருந்தில் ரியானன் எங்கே உட்கார்ந்தாள்? புயிலுக்கும் அவளுக்கும் நடுவில் டெய்ர்னன். தண்டனை முடியாத நிலையிலும் அரசனின் பந்தியில் அவளுக்கு இடம் இருந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வெண்குதிரை:
அந்தக் காட்சியை நீங்களே எடுத்துக்கொடுத்ததற்கு நன்றி. அதில் புயில் எங்கே இருந்தான்? தன் நாட்டைச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்தான். அந்த வாசல் வழியாகப் போய், அந்த வாசல் வழியாக வருகிறவன். அவள் கல்லருகே உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை முறை அவளைக் கடந்திருப்பான்? ஒரு முறையாவது குதிரையை நிறுத்தினான் என்று கதை சொல்கிறதா? முதன்முதலில் அவளைப் பார்த்தபோது இரண்டு நாள் அவள் குதிரைக்குப் பின்னால் ஆளை ஓடவிட்டான், மூன்றாம் நாள் தானே துரத்தினான். கடைசியில் வாய் திறந்து "நில்" என்று கேட்டதும் நின்றாள். "இதை முன்பே கேட்டிருந்தால் குதிரைக்கு நன்றாக இருந்திருக்குமே" என்றாள். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காதது அவனுடைய பழைய வழக்கம். திருமண விருந்தில் வந்து நின்றவன் யாரென்று விசாரிக்காமல் "எது கேட்டாலும் தருகிறேன்" என்று சொல்லி இவளையே இழந்தானே, அதுவும் அதே வாய்தான். அன்று அவனை மீட்ட உபாயம்கூட இவளுடையது.

முதல்வாசகி:
பிள்ளை கிடைத்ததும் "என் கவலை தீர்ந்தது" என்கிறாளே. கவலையைக் குறிக்கும் அந்த வேல்ஸ் சொல்லிலிருந்துதான் அவனுக்குப் பிரிடெரி என்று பெயர் வைக்கிறார்கள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். வெகுநேரம் திறக்க முடியவில்லை.

கல்மேடு:
அந்தப் பெயரே என் கட்சிக்குச் சான்று. நற்செய்தி கேட்டதும் தாய் சொன்ன சொல்லையே பிள்ளைக்குப் பெயராக வைப்பது பொருத்தம் என்று சொன்னவன் புயில். மனைவியின் சொல்லை மதித்தவன்.

வெண்குதிரை:
விருந்தில் இருந்த பெண்டாரன் அந்தப் பெயரை முதலில் சொன்னான். புயில் அதற்குத் தலையாட்டினான். புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

கல்மேடு:
தலையாட்டவில்லை, தானே காரணம் சொன்னான். 1838 முதல் 1849 வரை சார்லட் கெஸ்ட் வெளியிட்ட மொழிபெயர்ப்பு என்னிடம் இருக்கிறது.

வெண்குதிரை:
என்னிடம் சியோனெட் டேவிஸின் 2007 மொழிபெயர்ப்பு இருக்கிறது. இரண்டிலும் "அரிது" இருக்கிறது. "இல்லை" இரண்டிலும் இல்லை.

பழுப்புத்தாள்:
கெஸ்டின் அந்தக் கால ஆங்கிலத்தை நம்பி வாதாடுவது... சரி, விடுங்கள். ரொமான்ஸ் என்றால் என்ன என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

கல்மேடு:
விமர்சனம் அப்படியே இருக்கும். ஏறியவன் பெயரைக் கொண்டுவரட்டும், அப்போது யோசிக்கிறேன்.

வெண்குதிரை:
நான் பெயரைத் தேடவில்லை. அந்த ஒருவனை உள்ளே இறக்கிவிட்டு, அவள் திரும்பவும் கல்லுக்கு நடந்து போயிருப்பாளே, அதைத்தான் கேட்கிறேன். நாளை உங்கள் விமர்சனத்தின் கீழேயே வந்து மறுபடியும் கேட்பேன்.