அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறக்கம்: லேப்ராஸ்கோப்பி (சிறு துளை ஆபரேஷன்) செய்தவர்கள் சொல்லுங்கள்

ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அம்மாவுக்கு 58 வயது, நான்கு சுகப்பிரசவம். சின்ன வயதிலிருந்து மடியில் சுளவோடு (முறம்) பீடி சுற்றுகிறார். கர்ப்பப்பை இறங்கி இரண்டு வருடமாகிறதாம். எங்களிடம் சொன்னதே இந்தப் பொங்கலுக்குத்தான். அதை நினைத்தால் இப்பவும் மனசு ஆறவில்லை.

இருமினால் சிறுநீர் கசிகிறது. சாயங்காலம் ஆனால் சதை வெளியே வருகிறது, படுத்தால் உள்ளே போகிறது. இடுப்புத்தளப் பயிற்சி மூன்று மாதம் செய்தார். அப்புறம் கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே வளையம் வைத்தார்கள், புண்ணாகி எடுத்தாயிற்று. சர்க்கரை இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் கர்ப்பப்பையைக் கீழ்வழியாக எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் எடுக்க வேண்டாம், லேப்ராஸ்கோப்பியில் செயற்கை வலை வைத்து முதுகெலும்பின் அடி எலும்போடு இழுத்துக் கட்டலாம் என்கிறார். அம்மாவுக்கு எடுக்க மனசில்லை.

வலை வைத்துக் கட்டிய பெண்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எத்தனை மாதத்தில் பழையபடி தரையில் உட்கார்ந்து வேலை செய்ய முடிந்தது?