சத்தம் வராத, சிரிப்பு வர்ற விளையாட்டு ஏதாச்சும் சொல்லுங்க

மதுரைல இருக்கோம், மாடி வீடு, கீழ ஹவுஸ் ஓனர். கத்திரி வெயில்ல பசங்கள காலைல பதினோரு மணிக்கு மேல வெளிய விட முடியல. 5, 8, 11 வயசுல மூணு வாண்டுங்க, கூட எங்க அத்தை, அவங்களுக்கு முட்டி வலி, கீழ உக்கார முடியாது.

தாயம், பல்லாங்குழி நாலு நாள்ல போரடிச்சிருச்சு. ராஜா ராணி திருடன் போலீஸ் ஆடுனா சின்னவனுக்கு சீட்ட படிக்கத் தெரியாது, "நான் திருடனா?"ன்னு சத்தமா கேட்டு அவனே மாட்டிக்கிறான். அப்புறம் நாங்களே ஒண்ணு கண்டுபிடிச்சோம், வாயில தண்ணிய வச்சுக்கிட்டு உக்காரணும், எதிர்ல இருக்கவங்க மூஞ்சிய கோணி சிரிக்க வைக்கணும், துப்புனா அவுட்டு. செம ஹிட்டு, ஆனா ரெண்டாவது நாளே பெரியவ துப்புனது நேரா எங்க மாமா படிச்சிட்டிருந்த பேப்பர் மேல (அவர் இன்னும் பேசல). ஊமை நடிப்பும் பாத்தாச்சு, அத்தை பாதிலயே விடைய சொல்லிடுறாங்க.

ஸ்கூல் தெறக்க இன்னும் மூணு வாரம் இருக்கு. ஓடாம குதிக்காம, படிக்கத் தெரியாத அஞ்சு வயசுக்காரனும் சேர்ல உக்காந்திருக்க அத்தையும் சேந்து ஆடுற மாதிரி உங்க வீட்ல நீங்களா கண்டுபிடிச்ச காமெடி விளையாட்டு என்ன இருக்கு?