முளைக்காத மருந்து விதைகள்: உரசுவதா, மழைக்கு விடுவதா?

வளவுக்காரி (கோண்டாவில்)
மாரி தொடங்க முன்னம் வளவின் கோடிப்பக்கம் கொஞ்சம் மருந்துச் செடி வைக்க யோசிக்கிறேன். குன்றிமணி, கார்த்திகைப்பூ, கடுக்காய் மூன்றுக்கும் விதை கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் சாண்ட் பேப்பரில் உரசச் சொல்கிறார் ஒருவர். ஒன்றுமே செய்யாமல் ஐப்பசி மழைக்கு மண்ணில் போடச் சொல்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பனிக்காடு (ரொறன்ரோ)
இரண்டும் வேண்டாம். ஈர மணலில் கலந்து பிரிட்ஜில் ஒரு மாதம் வையுங்கோ. இங்கே எக்கினேசியாவை அப்படித்தான் முளைக்க வைக்கிறேன். குளிர் பட்டால்தான் விதையின் உறக்கம் கலையும்.

செம்மண் (உரும்பிராய்)
அண்ணை, எக்கினேசியா வட அமெரிக்கச் செடி. பனிக்கு முன் முளைத்தால் குருத்து செத்துவிடும் என்பதால் குளிர்காலம் கழியட்டும் என்று அது பொறுத்திருக்கிறது. நம் விதைகள் தாண்ட வேண்டியது கோடையை. தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலத்தில் தப்பித் தவறிப் பெய்யும் ஒரு மழையை நம்பி முளைத்தால் காய்ந்துபோகும். வாடை மழை வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தச் சூட்டில் விளைந்த விதையை ஈரத்தோடு பிரிட்ஜில் வைத்தால் அழுகல்தான் மிஞ்சும்.

பனிக்காடு
சரி, அப்படியென்றால் குன்றிமணி ஏன் இரண்டு மூன்று மாரி கண்ட பிறகும் வேலியடியில் அப்படியே கிடக்கிறது?

செம்மண்
அதன் தோல் தண்ணீரை உள்ளே விடாது, அவ்வளவுதான். உள்ளே முளை தயாராகவே இருக்கும். தோலில் ஒரு வழி திறந்தால் போதும், குளிரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

கிணத்தடி (வேலணை)
பனங்கொட்டைக்கு யார் தோல் உரசினார்கள்? பாத்தியில் போட்டோம், கிழங்கு வந்தது. இயற்கைக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

செம்மண்
பனங்கொட்டையைச் சும்மாவா போட்டீர்கள்? களியை எடுத்து, மண்ணைக் கொத்தி மேட்டுப்பாத்தி கட்டி, நெருக்கமாக அடுக்கினீர்கள். அதுவும் கை வைத்தியம்தான். அதோடு பனைக்குப் பூட்டிய தோல் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மருந்துப்பெட்டி (கைதடி)
குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். குன்றிமணியை வீட்டில் உரசச் சொல்லாதீர்கள். அதிலுள்ள ஏப்ரின் மிகக் கொடிய நஞ்சு. முழு மணியை ஒரு பிள்ளை விழுங்கினால் தோல் கரையாமல் வெளியே போய்விடக்கூடும். தோல் திறந்த மணியில் அந்தக் காவல் இல்லை. உரசும்போது பறக்கும் தூள் மூக்குக்குள் போனாலும் ஆபத்து. கொதித்து இறக்கிய தண்ணீரை மணிகள் மேல் ஊற்றி, ஆறவிட்டு, இரவு முழுக்க வையுங்கள். காலையில் பருத்தவற்றை நடுங்கள். மற்றவற்றுக்குத் திரும்பவும் ஊற்றுங்கள். பருத்த மணியும் தோல் இளகியதுதான், அதனால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறிய தண்ணீரைக் கோழி குடிக்கும் இடத்தில் கொட்டாதீர்கள்.

செம்மண்
சுடுதண்ணீரில் கொஞ்சம் வெந்துபோகும். கையுறை போட்டு, நகவெட்டியால் சிவப்புப் பக்கத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டால் தூளே வராது. கறுப்புக் கண் பக்கம் தொடக்கூடாது, முளை அங்கேதான்.

மருந்துப்பெட்டி
பத்தில் இரண்டு வெந்தால் வேகட்டும். பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டுக்கு நான் நகவெட்டி சொல்ல மாட்டேன்.

வளவுக்காரி
குன்றிமணி புரிந்தது. கடுக்காய் மருந்துச் சரக்குக் கடையில் வாங்கியது. அதற்கும் சுடுதண்ணீரா?

கிணத்தடி
கடைச் சரக்கா? அப்போதே சொல்லியிருக்கலாமே!

மருந்துப்பெட்டி
இதில் கிணத்தடி ஐயா பக்கம்தான் நான். கடைக்காய் எப்போது பறித்தது, முற்றியதா என்று தெரியாது. பிஞ்சுக் கடுக்காய் என்றே தனிச் சரக்கு உண்டு. அதற்குள் விதையே விளைந்திருக்காது. பழுத்துத் தானாக விழுந்த காய் கிடைத்தால் சதையை நீக்கி, கொட்டையின் அகன்ற முனையை மட்டும் பருப்பில் படாமல் நறுக்கி, ஒன்றரை நாள் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். அப்போதும் பொறுமை வேண்டும்.

கிணத்தடி
ஊறவைக்கும் தண்ணீரையும் பார்க்க வேணும் பிள்ளை. எங்கள் பக்கக் கிணறுகள் சில உவர். உப்புத் தண்ணீரில் விதை ஊறாமல் திணறும். மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கோ.

பனிக்காடு
கார்த்திகைப்பூவைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதற்காவது பிரிட்ஜ்?

செம்மண்
விடமாட்டீர்கள் போல. அதன் சிக்கல் தோலுமில்லை, குளிருமில்லை. புதிதாக உதிர்ந்த விதையின் முளை உடனே எழும்பாது, மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து பக்குவப்பட வேண்டும். போன வருட விதையை இந்த மாரிக்கு ஊன்றுவதுதான் கணக்கு. உரசினால் பூஞ்சணம்தான் பிடிக்கும். முளைத்தாலும் பூவைப் பார்க்க 3, 4 வருடம் ஆகும். பேசாமல் கிழங்கை நடுங்கள்.

மருந்துப்பெட்டி
நடலாம், ஆனால் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வத்தாளைக் கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். அதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது.

வளவுக்காரி
பக்கத்து வளவு வேலியில் இருக்கிறது, கிழங்கு கேட்டால் தருவார்கள். எந்தப் பக்கத்தை மேலே வைப்பது?

செம்மண்
எதையும் மேலே வைக்க வேண்டாம், படுக்கையாக வையுங்கள். கலப்பை போல இரண்டு கை இருக்கும். முளை அந்தக் கைகளின் நுனியில். நுனி ஒடிந்தால் அந்தக் கை வீண். மூன்று விரல் ஆழம் போதும், பக்கத்தில் ஏற ஒரு கதியால் நட்டுவிடுங்கள்.