வாட்சில் பதிவான கடல் நீச்சல் மட்டும் பயிற்சித் தளத்தில் தானாக ஏறவில்லை, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. நீலாங்கரையில் காலையில் கடல் நீச்சல் பயிற்சி செய்கிறேன். தனுஷ்கோடி - தலைமன்னார் நீந்திக் கடக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதனால் ஒவ்வொரு நாள் தூரமும் கணக்கில் இருப்பது எனக்கு முக்கியம்.

ஜிபிஎஸ் வாட்ச் கட்டித்தான் நீந்துகிறேன். கரைக்கு வந்ததும் ப்ளூடூத் வழியாக வாட்சின் ஆப்புக்கு எல்லாம் சரியாக வந்துவிடுகிறது. அங்கிருந்து நான் பயிற்சிக் கணக்கு வைத்திருக்கும் தளத்துக்குத் தானாகப் போக வேண்டும். ஓட்டம் போகிறது, நீச்சல்குளத்தில் நீந்தியதும் போகிறது. கடல் நீச்சல் மட்டும் போவதில்லை. ஃபிட் கோப்பை (வாட்ச் பதிவு செய்த பயிற்சி விவரம் இருக்கும் கோப்பு) இறக்கி, கணினியில் நானே ஏற்றினால் உடனே ஏற்றுக்கொள்கிறது. அப்படியென்றால் கோப்பில் பழுதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு கணக்குகளின் இணைப்பையும் துண்டித்து மறுபடி இணைத்துப் பார்த்தேன். அனுமதிகள் எல்லாம் கொடுத்தாயிற்று. வாட்ச் மென்பொருளும் புதியதுதான். கடல் நீச்சலுக்கென்று தனியாக ஏதாவது அமைப்பு இருக்கிறதா? தனியுரிமை அமைப்பு தடுக்குமா?

அப்புறம் இன்னொன்று. தண்ணீருக்குள் ஜிபிஎஸ் சிக்னல் கிடைக்காது, கை மேலே வரும்போதுதான் வாட்சுக்கு இடம் தெரியும். என் வரைபடத்தில் பாதை கோணல்மாணலாக வருவது அதனால்தானே? வாட்சை மிதவையில் கட்டி இழுத்துப் போகிறவர்கள் இருந்தால், தூரம் சரியாக வருகிறதா என்று சொல்லுங்கள். மணிக்கட்டில் இல்லாவிட்டால் கைவீச்சு எண்ணிக்கை போய்விடுமே என்று யோசிக்கிறேன்.