குறிப்பிட்ட எழுத்துகள் உள்ள ஆங்கிலச் சொற்கள் எடுப்பது எப்படி? அவசரம்

வெண்மதி:
மூன்று எழுத்தும் சேர்ந்து வருகிற ஆங்கிலச் சொற்கள் மட்டும் வேண்டும். சொற்பட்டியல் கோப்பு இறக்கி வைத்திருக்கிறேன். தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, முக்கால்வாசி சம்பந்தமே இல்லாதவை. நாளைக் காலை பிள்ளைகளுக்குச் சொற்புதிர் வைக்கணும். யாராவது சீக்கிரம் சொல்லுங்களேன்.

தட்டச்சன்:
எந்த மூன்று எழுத்து? அடுத்தடுத்து வரணுமா, சொல்லில் எங்கே இருந்தாலும் சரியா? எதில் தேடுகிறீர்கள்?

சொல்வேட்டை:
கோளாறு பட்டியலில்தான். லினக்ஸோடு வரும் பட்டியல் என்றால் ஊர்ப்பெயர், ஆள்பெயர், மேற்குறி போட்டு எஸ் சேர்த்த வடிவம் எல்லாம் கலந்து கிடக்கும். ஸ்கிராபிள் (எழுத்து வில்லைகளைச் சேர்த்துச் சொல் அமைக்கும் விளையாட்டு) ஆடுகிறவர்கள் வைத்திருக்கும் பட்டியலை எடுங்கள், பாதித் தலைவலி போய்விடும்.

மூத்தகுடி:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? என்ன கட்டளை அடித்தீர்கள், என்ன வந்தது, என்ன வரவேண்டும். இந்த மூன்றையும் எழுதாமல் உதவி கேட்பது மருத்துவரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்வது போல. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

தட்டச்சன்:
மூத்தகுடி ஐயா, அவங்க அவசரத்தில் இருக்காங்க. கேட்டால் சொல்லிடப் போறாங்க.

வெண்மதி:
மன்னிக்கவும். க்யூ, இசட், ஏ. வரிசை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. லினக்ஸில் கிரெப் (கோப்பில் எழுத்துகளைத் தேடி அவை உள்ள வரிகளைக் காட்டும் கட்டளை). மூன்றையும் சதுர அடைப்புக்குள் போட்டேன். ஆப்பிள், ஜீப்ரா எல்லாம் வருகிறது.

கோடுபோட்டவன்:
அதான் விஷயம். சதுர அடைப்புக்கு "இவற்றில் ஏதாவது ஒன்று" என்று அர்த்தம், "எல்லாம்" என்று அல்ல. ஏ மட்டும் இருந்தாலே சொல் உள்ளே வந்துவிடும். அடைப்பை எடுத்துவிட்டு க்யூ, புள்ளி, நட்சத்திரம், இசட், புள்ளி, நட்சத்திரம், ஏ என்று அடியுங்கள். புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்தால் "இடையில் எது இருந்தாலும் சரி" என்று அர்த்தம்.

தட்டச்சன்:
அது க்யூ, இசட், ஏ என்ற வரிசைக்கு மட்டும்தான் பிடிக்கும். கெட்சால், குவிஸிக்கல் வரும். குவார்ட்ஸ் வராது, அதில் ஏ முன்னாலேயே வந்துவிடுகிறதே. மூன்று எழுத்துக்கு 6 வரிசை இருக்கு, ஆறையும் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? ஃபோனில் இருக்கேன், வாயால் சொல்கிறேன்: கிரெப் க்யூ, கோப்பின் பெயர், பைப் (செங்குத்துக்கோடு), கிரெப் இசட், பைப், கிரெப் ஏ. முதல் சல்லடையில் விழுந்தது இரண்டாவதற்கு, அதில் விழுந்தது மூன்றாவதற்கு. எத்தனை எழுத்தானாலும் இப்படியே சேர்த்துக்கொண்டு போகலாம். பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களும் வேணும்னா ஒவ்வொரு கிரெப்புக்கும் சிறுகோடு ஐ சேருங்க.

சொல்வேட்டை:
க்யூ வந்தால் பின்னால் யூ வந்தே தீரும். க்யூயூ என்று சேர்த்தே தேடினால் குப்பை குறையும்.

நீலக்குயில்:
வந்தே தீராது. ஃபக்கீர், நிகாப், புர்கா மூன்றையும் க்யூ போட்டு எழுதுகிற வழக்கம் உண்டு, மூன்றிலும் க்யூவுக்குப் பின்னால் யூ கிடையாது. ஸ்கிராபிளில் கையில் க்யூ மாட்டிக்கொண்டு யூ இல்லாதவர்களைக் காப்பாற்றுவதே க்யூஐ என்ற இரண்டெழுத்துச் சொல்தான்.

சொல்வேட்டை:
அதெல்லாம் அரபியும் சீனமும். பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் கொடுங்கள்.

நீலக்குயில்:
அப்படிப் பார்த்தால் குவார்ட்ஸ் ஜெர்மனில் இருந்து வந்தது. கெட்சால் நாவாட்டில் மொழிச் சொல், ஸ்பானிஷ் வழியாக வந்த பறவைப் பெயர். நம் கட்டுமரமும் அங்கே அகராதியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வந்த வழி பார்த்துத் தள்ளினால் இவங்க கேட்ட மூன்றெழுத்துக்கு என்ன மிஞ்சும்?

மூத்தகுடி:
இழை தடம் மாறுகிறது.

வெண்மதி:
பைப் வேலை செய்தது, ரொம்ப நன்றி! இன்னொன்று. அதிலேயே இசட்டில் முடிகிறவை மட்டும் எடுக்கக் கடைசியில் வரி முடிவைக் குறிக்கும் டாலர் குறி போட்டேன். ஒன்றுகூட வரவில்லை. குவார்ட்ஸ் பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் இல்லை என்கிறது.

கோடுபோட்டவன்:
டாலரை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டீங்களா? எனக்கு எப்போதும் அங்கேதான் இடிக்கும்.

வெண்மதி:
போட்டேன். அதே கதைதான்.

தட்டச்சன்:
கோப்பு விண்டோஸில் தயாரானதா? கேட் கட்டளையில் சிறுகோடு, பெரிய ஏ போட்டுத் திறந்து பாருங்க. வரி முடிவில் தொப்பிக்குறியும் எம்மும் தெரிந்தால் அதுதான் காரணம். விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் இரண்டு மறைகுறிகளால் முடிக்கும், ஆஸ்கி 13, அடுத்து 10. லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். அதனால் 13 சொல்லின் கடைசி எழுத்து மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உங்கள் கண்ணுக்கு இசட் கடைசி, கிரெப்புக்கு 13 கடைசி. பழைய தொலைதட்டச்சு இயந்திரத்தில் அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோக ஒரு குறி, தாளை ஒரு வரி நகர்த்த ஒரு குறி. அந்த மிச்சம்தான் இது. டிஆர் கட்டளையில் சிறுகோடு டி போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் பின்சாய்கோடு ஆர் கொடுங்க, 13 எல்லாம் உதிர்ந்துவிடும். வெளியீட்டைப் புதுப் பெயரில் சேமியுங்க. அதே பெயரில் சேமித்தால் கோப்பு காலியாகிவிடும்.

மூத்தகுடி:
சரியான காரணம். கோப்பு எங்கிருந்து வந்தது என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இது முதல் பதிலிலேயே முடிந்திருக்கும்.

வெண்மதி:
தொப்பியும் எம்மும் இருந்தது. எடுத்துவிட்டேன், குவார்ட்ஸ் வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி, புதிர் தயாரிக்கப் போகிறேன்.

சொல்வேட்டை:
ஸ்கிராபிள் வில்லைகளை வைத்துப் புதிர் போடுகிறீர்கள் என்றால் குவிஸிக்கல் வேண்டாம். அதற்கு இரண்டு இசட் வேண்டும், பெட்டியில் இருப்பது ஒன்றே ஒன்று. வெற்று வில்லையைத்தான் இன்னொரு இசட்டாக வைக்கணும்.

நீலக்குயில்:
இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஃபக்கீர் விஷயத்தில் இல்லை.