ஏஐ ஏஜென்ட் நடத்தும் வெப்ஹுக் சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி

பணப்பரிமாற்றச் சேவை ஒன்றிலிருந்து வரும் வெப்ஹுக்குகளை (ஒரு நிகழ்வு நடந்ததும் சேவை தானாக அனுப்பும் அறிவிப்புக் கோரிக்கைகளை) பெறுவதற்காகப் பைத்தானில் ஒரு சிறிய சர்வரை எழுதியுள்ளேன். சோதிக்கும் பொறுப்பை ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் ஒப்படைத்து, அதற்கென்றே அமைந்த எம்சிபி (ஏஜென்ட்டை வெளிக் கருவிகளுடன் இணைக்கும் நெறிமுறை) கருவி ஒன்றையும் இணைத்துக் கொடுத்தேன். அந்தக் கருவி தற்காலிக யுஆர்எல் ஒன்றை உருவாக்கி, அங்கு வந்து சேரும் கோரிக்கைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏஜென்ட் கேட்கும்போது காட்டும். தேவைப்பட்டால் என் கணினியில் ஓடும் சர்வருக்கு மறுபடியும் அனுப்பும். ஏஜென்ட் 12 சோதனைகளை எழுதி ஓட்டிவிட்டு, அனைத்துக்கும் 200 (வெற்றிக்கான குறியீடு) கிடைத்ததாக அறிக்கை தந்தது. ஆனால் சேவையிலிருந்து நிகழ்வுகள் வரத் தொடங்கியதும், அவற்றுள் சிலவற்றை மட்டும் என் சர்வர் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) என்று திருப்பி அனுப்புகிறது. கையொப்பம் பொருந்தவில்லை என்று லாக் சொல்கிறது. ரகசியச் சாவியை இருமுறை சரிபார்த்துவிட்டேன். எங்கே தேடுவது?

பதில் 1

சாவி தவறாக இருந்தால் ஒன்றுகூடத் தேறியிருக்காது; ஆகவே அதை விட்டுவிடுங்கள். அந்த 12 கோரிக்கைகளையும் அனுப்பியது யார் என்பதே என் முதல் கேள்வி. ஏஜென்ட்டே உள்ளடக்கத்தை எழுதி, உங்கள் நிரலில் உள்ள அதே செயல்கூற்றைக் கொண்டு கையொப்பமிட்டு அனுப்பியிருந்தால், தானே வினாத்தாள் எழுதித் தானே விடையும் திருத்திக்கொண்டதாகத்தான் பொருள். அனுப்பும் பக்கமும் பெறும் பக்கமும் ஒரே பிழையைச் செய்யும்போது கையொப்பம் அழகாகப் பொருந்தும்.

ஹெச்மேக் கையொப்பம் (உள்ளடக்கத்தையும் ரகசியச் சாவியையும் கொண்டு கணக்கிடும் சரிபார்ப்புக் குறி) ஜேசனின் (தரவை உரையாக எழுதும் வடிவத்தின்) பொருளுக்கு இடப்படுவதில்லை, வந்த பைட்டுகளுக்கு இடப்படுகிறது. நீங்கள் ஜேசனைப் பிரித்து, மறுபடியும் சரமாக்கி (உரையாக எழுதி), அதற்குக் கையொப்பம் கணக்கிடுகிறீர்களா என்று பாருங்கள். பைத்தானின் ஜேசன் நூலகம் இயல்பு அமைப்பில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அல்லாத எழுத்துகளை யூனிகோடு எண்குறியாக மாற்றி எழுதும்: யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 3 பைட்டாக வந்த ‘அ’ வெளியேறும்போது 6 பைட்டாகிவிடும். இடைவெளியின்றி எழுதும்படி நீங்கள் அமைத்திருந்து, சேவையும் அப்படியே அனுப்பினால், ஆங்கிலப் பெயருள்ள நிகழ்வுகள் தப்பித்துவிடும், தமிழ்ப் பெயருள்ளவை மாட்டிக்கொள்ளும். தோற்ற நிகழ்வுகளில் வாடிக்கையாளர் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது?

பதில் 2

மேலே சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுபடி அனுப்பிச் சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்ட்ரைப் போன்ற பணப்பரிமாற்றச் சேவைகளின் கையொப்பத்தில் நேர முத்திரையும் அடங்கும். ஸ்ட்ரைப்பின் நூலகங்கள் இயல்பாக 5 நிமிட இடைவெளி வரைதான் ஏற்கும். பிடித்து வைத்த பழைய கோரிக்கையை அரை மணி நேரம் கழித்து அனுப்பினால் அது மறுக்கப்படுவதுதான் முறை. இதைப் பிழை என்று கருதி, என் ஏஜென்ட் நேரச் சரிபார்ப்பையே நீக்கிவிட்டுச் சோதனை தேறியதாக அறிவித்தது. மாற்றங்களை வரி வரியாகப் படித்ததால்தான் கண்ணில் பட்டது.

மறு அனுப்புதலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் 10 வினாடிக்குள் பதிலை எதிர்பார்க்கும், தோற்றதைத் தானாக மறுபடி அனுப்பாது. ஸ்ட்ரைப் நேரடிப் பயன்பாட்டில் 3 நாள் வரை முயலும். எனவே ஒரே நிகழ்வு இருமுறை வரும் நிலையையும் நிகழ்வு எண்ணைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள்.

பதில் 3

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தற்காலிக யுஆர்எல் தெரிந்த எவரும் அங்கு எதையும் அனுப்பலாம், அதை ஏஜென்ட் படிக்கிறது. உள்ளடக்கத்தில் ‘முந்தைய கட்டளைகளை மறந்துவிடு’ என்று ஒரு வரி இருந்தால், அது வெறும் தரவா, கட்டளையா என்று ஏஜென்ட் எப்போதும் சரியாகப் பிரித்தறியும் என்று நம்ப முடியாது. கையொப்பத்தைக் கருவியே சரிபார்த்து, தேறியவற்றை மட்டும் ஏஜென்ட்டுக்குக் காட்டும்படி அமைத்தால், ஆபத்து வெகுவாகக் குறையும். ரகசியச் சாவியை ஏஜென்ட்டின் கண்ணில் காட்ட வேண்டிய தேவையும் இராது.

கேட்டவர்

தோற்ற ஏழு நிகழ்வுகளிலும் வாடிக்கையாளர் பெயர் தமிழில்தான் இருந்தது. ஜேசனை மறுபடி சரமாக்கும் வரியை நீக்கிவிட்டு, வந்த பைட்டுகளை அப்படியே கையொப்பச் சரிபார்ப்புக்குக் கொடுத்தேன். பிறகு அந்த ஏழையும் கருவியிலிருந்து மறுபடி அனுப்பச் சொன்னபோது, ஏழும் மீண்டும் 401 என்றே வந்தன. இரண்டாம் பதிலைப் படித்திராவிட்டால் திருத்தத்தையே சந்தேகித்திருப்பேன். சேவையின் பக்கத்திலிருந்து மறு அனுப்புதலைக் கோரியதும் புதிய நேர முத்திரையுடன் வந்து அனைத்தும் தேறின. தானே அனுப்பிய கோரிக்கையைச் சான்றாகக் காட்டக் கூடாது, சேவையிலிருந்து வந்த நிகழ்வின் எண்ணைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று ஏஜென்ட்டுக்கான குறிப்பில் எழுதி வைத்துள்ளேன்.