பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தோருக்கு: ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு மனநெருக்கடி வந்தால்

வந்திறங்கிய முதல் மாதங்களில் வாடகை வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் ஆட்டிசமோ, கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி.யோ உள்ள ஒருவர் இருந்தால், நெருக்கடி நேரும் இரவில் யாரை, எந்த வழியில் அழைப்பது என்பதையும் அந்த ஓட்டத்துக்குள்ளேயே முடிவுசெய்து வையுங்கள். பழகிய தெரு, பழகிய சாப்பாடு, நாளின் ஒழுங்கு அத்தனையும் ஒரே விமானப் பயணத்தில் இல்லாமற்போவதை அவர்களால் எளிதில் தாங்க முடிவதில்லை.

எண்கள் சில போதும். உயிருக்கு ஆபத்து என்றால் 999. அந்த அளவுக்குப் போகாத மனநெருக்கடிக்கு, இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் உங்கள் பகுதியின் மனநலக் குழுவுடன் இணைப்பார்கள். அது இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. பாதிக்கப்பட்டவருக்காக வீட்டாரும் அழைக்கலாம். மனம்விட்டுப் பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

ஆனால் இவை அனைத்தும் பேச முடிந்தவருக்கென்றே அமைந்த வழிகள். அமைதியான நாளில்கூடத் தொலைபேசியை எடுக்கத் தயங்கும் ஒருவர், வாயே திறக்க முடியாமல் உறைந்திருக்கும் வேளையில் முன்பின் தெரியாத குரலிடம் தன் நிலையை விளக்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. அத்தகையோர் 85258க்கு எழுத்துச் செய்தி அனுப்பலாம். ஷவுட் என்னும் அச்சேவை 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. ரிலே யூ.கே. செயலியைக் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு அழைக்கும் எண்ணுக்கு முன்னால் 18001 சேர்த்து அழைத்தால், தட்டச்சு செய்வதை இடையிலுள்ள உதவியாளர் மறுமுனைக்கு வாசித்துச் சொல்வார்.

அடுத்தது, நான் மிக முக்கியமாகக் கருதுவது: நெருக்கடியில் இவர்கள் காட்டும் அறிகுறிகளைப் பிறர் தவறாகப் படிப்பது. கத்துவதும் தலையை மோதிக்கொள்வதும் வன்முறை போலத் தெரியலாம்; பதில் சொல்லாமல் சுருண்டு கிடப்பது பிடிவாதம் போலத் தெரியலாம். வானிலையைச் சொல்வதுபோன்ற சலனமற்ற குரலில் ‘எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால், முகத்தில் கண்ணீர் இல்லை என்பதற்காக அதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; வார்த்தையை அப்படியே நம்புங்கள். வேதனை பத்துக்கு எத்தனை என்று கேட்டால் பலரால் சொல்ல முடியாது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, நேற்று முழுவதும் உறங்கவில்லை என்று நடந்ததைச் சொல்வது மருத்துவருக்கு அதிகம் உதவும்.

ஆகவே ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். நோயறிதல், உட்கொள்ளும் மருந்துகள், முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்துகள், தொடலாமா கூடாதா, எந்த ஒலியும் வெளிச்சமும் தாங்காது, பேச்சு நின்றுபோனால் எப்படிக் கேட்பது என்பவை அதில் இருக்க வேண்டும். மருந்தைப் பற்றிய வரியைத் தவறவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ள 18 வயது ஆலிவர் மெக்கோவன், தானும் பெற்றோரும் வேண்டாமென்று சொல்லியும் கொடுக்கப்பட்ட மனநோய் மருந்துக்குப் பின் 2016இல் பிரிஸ்டலில் இறந்தார். ஆட்டிசம், கற்றல் குறைபாடு பற்றி மருத்துவ ஊழியருக்கு இங்கிலாந்தில் தரப்படும் பயிற்சி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், வரவேற்பு மேசையிலேயே அந்தப் பக்கத்தைக் கொடுத்து, அமைதியான இடத்தில் காத்திருக்க முடியுமா என்று கேளுங்கள். சலுகை கேட்கிறோமே என்று கூச வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறன் உள்ளவருக்கு ‘ரீசனபிள் அட்ஜஸ்ட்மெண்ட்ஸ்’ எனப்படும் நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுப்பது சேவை வழங்குவோரின் கடமை. அதே ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பத்து வயதுத் தங்கையை நிறுத்தி அண்ணனின் தற்கொலை எண்ணத்தை மொழிபெயர்க்க வைப்பது நம் வீடுகளில் நடக்கிறது. அது இருவருக்குமே கொடுமை.

ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம். முகவரிச் சான்றோ விசாச் சான்றோ இல்லையென்பதற்காக மறுக்கக்கூடாது என்பதே விதி. ஊரில் எடுத்த நோயறிதல் அறிக்கை இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்புடன் கொடுத்து, தேவையான மாற்றங்களை மருத்துவப் பதிவில் குறிக்கச் சொல்லுங்கள். ‘ஊருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்’ என்ற அச்சம் நம்மோடு விமானம் ஏறி வந்ததுதான். மருத்துவர் உங்கள் கோயில் நண்பர்களிடம் எதையும் சொல்லமாட்டார்.

பேச்சு நின்றுபோகும் பழக்கம் உள்ளவர் 999ஐ எழுத்துச் செய்தியாலும் அழைக்கலாம், ஆனால் அதற்கு முன்பதிவு வேண்டும். அவருடைய கைத்தொலைபேசியிலிருந்து ‘ரெஜிஸ்டர்’ (register) என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் 999க்கு அனுப்பி, வரும் பதிலைப் படித்து ‘யெஸ்’ (yes) என்று அதேபோல் ஆங்கிலத்தில் திருப்பி அனுப்பி, பதிவு உறுதியானதென்ற செய்தி வரும்வரை காத்திருங்கள்.